குதிகாலுக்கு ஒரு ஊசி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் ஒரு குத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறை வரை போனால் கொஞ்சம் இளகும். மதியத்தில் மறந்தே போகும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கும்போது மறுபடியும் அதே குத்து. இந்த வரிசையை மாறாமல் சொன்னாலே போதும், காலைத் தொடுவதற்கு முன்பே எலும்பு மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். ஊரில் இதற்குக் குதிகால் வாதம் என்று பெயர். செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை பரப்பி, குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுப்பது பாட்டி வைத்தியம். மருத்துவர் சீட்டில் ‘பிளான்டார் ஃபேஸியைட்டிஸ்’ என்று எழுதியிருக்கும்.

ஒத்தடம், வலி மாத்திரை, மெத்தென்ற செருப்பு எல்லாம் பார்த்து மூன்று மாதம் ஆகியும் விடவில்லை என்றால், “ஒரு ஊசி போட்டுடலாமா?” என்ற பேச்சு வரும். என் அத்தைக்கும் வந்தது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷமாக நின்றபடியே புடவை பிரித்துக் காட்டுகிறவர். “ஸ்டீராய்டு ஊசியாம்டா. போட்டுக்கிட்டா எலும்பு உளுத்துப்போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. கடையில ஒரு பொண்ணு, ஒரே ஊசி, மறுநாளே ஓடினேங்குது. நான் எதைடா நம்புறது?” என்று போனில் கேட்டார்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கடைப் பெண்ணுக்கு ஊசி ஏறியது காலில் எந்த இடம் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மருந்துதான், இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் நியாயமே வேறாகிவிடும்.

முதலில் பெயர். இந்த ஸ்டீராய்டு ஊசியைக் கார்டிசோன் ஊசி என்று உலகமெங்கும் சொல்கிறார்கள். அந்த ஊசிக்குள் கார்டிசோன் கிடையாது. இது எப்படி நேர்ந்தது என்று சொல்லக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1929-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். முடக்குவாதத்தில் அவதிப்பட்ட ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்த கையோடு மூட்டுவலி இறங்கிவிட்டது. கர்ப்பமான பெண்களுக்கும் முடக்குவாதம் அடங்குவதைப் பார்த்தார். மருந்து எதுவும் தராமலே இது நடக்கிறதென்றால் உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்து ஏ, பி என்று எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ‘ஈ’ என்பதுதான் பின்னால் கார்டிசோன் ஆனது. சுரப்பியிலிருந்து எடுத்தால் துளிதான் கிடைக்கும். மெர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைச் செய்து காட்டிய பிறகே, ஒரு நோயாளிக்குத் தருகிற அளவுக்குச் சேர்ந்தது.

1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள். முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்தவர் ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். இரண்டே வருஷத்தில், 1950-ல், ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. பரிசு வந்த வேகத்திலேயே பக்கவிளைவுகளும் வந்தன: நிலாவைப்போல் முகம் உப்புவது, மனம் குழம்புவது, எலும்பு மெலிவது. ஸ்டீராய்டு என்றாலே ஒரு பயம் இன்றும் இருப்பதற்கு மூலம் அங்கேதான். ஆனால் எலும்பு மெலிவது மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் சங்கடம். குதிகாலில் ஒரே ஒரு ஊசி போட்டு எலும்பு உளுத்துப்போகாது. பக்கத்து வீட்டு எச்சரிக்கை தப்பான இடத்தில் வந்த சரியான எச்சரிக்கை.

இப்படி உடம்பு முழுக்கப் பரவியபோது அற்புதம் செய்த கார்டிசோன், நேராக மூட்டுக்குள் ஏற்றியபோது சோபிக்கவில்லை. பிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் 1951-ல் அதற்குப் பதில் அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகார்டிசோனை மூட்டில் போட்டுப் பார்த்தார்; அது வேலை செய்தது. காரணம் எளிது. கார்டிசோன் தானாக எதையும் செய்யாது. ஈரல் அதை ஹைட்ரோகார்டிசோனாக மாற்றிக் கொடுத்தால்தான் பலன். மாத்திரை ஈரல் வழியாகப் போகும். மூட்டுக்குள் போட்டால் அந்த வேலையைச் செய்ய ஈரல் அங்கே இல்லை. அன்றைக்கே மருந்து மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் எழுதித் தருவது பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன். கெனாகார்ட், டெப்போ மெட்ரால் என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். இரண்டும் பால்போல் வெள்ளையாக இருக்கும். நிற்க வைத்தால் மாவு அடியில் படியும். குலுக்கித்தான் சிரிஞ்சில் எடுப்பார்கள். அந்த மாவுதான் மருந்து. கரைய நாளாகும் பொடித் துகள்கள் போட்ட இடத்திலேயே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்தத் துகள்களின் ஆயுள்தான் ஊசியின் ஆயுள்.

கூடவே லிக்னோகெயின் என்ற மரக்கும் மருந்தையும் கலப்பது வழக்கம். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மருந்து. இதனால் ஒரே சிரிஞ்சில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. லிக்னோகெயின் சில நிமிஷத்தில் மரக்க வைத்து ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஸ்டீராய்டு வேலையைத் தொடங்கவே சில நாள் பிடிக்கும். ஊசி போட்டதும் சிரித்துக்கொண்டே நடந்து வெளியே வந்தவர், ராத்திரி வலியில் முழித்துக்கொண்டு ‘ஏமாத்திட்டாங்க’ என்று திட்டுவது இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை, முதல் கடிகாரம் நின்றுவிட்டது, இரண்டாவது இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மருத்துவருக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் ஒரு சாட்சி. போட்டவுடன் வலி சுத்தமாக மறைந்தால் ஊசி போன இடம்தான் வலியின் இடம் என்று தெரிந்துபோகும்.

மரக்கும் ஊசியையும் ஸ்டீராய்டு ஊசியையும் செய்திகளில் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். 2022 பிரெஞ்சு ஓபனில் ரஃபேல் நடால் இடது காலில் ஊசி போட்டுக்கொண்டே ஆடி, ஜூன் 5 அன்று 14-வது முறையாகப் பட்டம் வென்றார். அவருக்குப் போட்டது பாதத்துக்குப் போகும் நரம்பை மரக்க வைக்கும் ஊசி. காலில் உணர்ச்சியே இல்லாமல் ஆடியதாக அவரே சொன்னார். பாத எலும்பு ஒன்று சிதையும் முல்லர்-வைஸ் நோய் அவருக்கு. அது அவர் பிழைப்பு, அவர் முடிவு. குதிகால் வலிக்காரர் பார்த்து ஆசைப்பட அதில் ஒன்றுமில்லை.

இனி குதிகால். குதிகால் எலும்பின் அடியில், உள்பக்கமாக ஒரு முனையிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் தடித்த பட்டை ஒன்று உண்டு. பாதத்தின் வளைவு வில் என்றால் இது நாண். ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டுத் தளரும். எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோனால் வலி. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் திடீரென இழுபடுகிறது. முதல் அடி அதனால்தான் உயிரை எடுக்கிறது. எக்ஸ்ரேயில் முள்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் “எலும்பு வளந்திருக்கு” என்று பயந்துவிடுவார்கள். அந்த முள் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. முள் தனிக்கதை, வலி தனிக்கதை. எந்த ஊசியும் முள்ளைக் கரைக்காது.

நோயின் பெயரில் இருக்கும் ‘ஐட்டிஸ்’ என்ற வால் அழற்சியைக் குறிக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து: செல்லுக்குள் புகுந்து, வீக்கத்தையும் வலியையும் கூட்டும் பொருள்களின் உற்பத்தியையே நிறுத்தச் சொல்லும். ஆக, நோயும் மருந்தும் பொருந்துகிறதே என்று தோன்றும். 2003-ல் அமெரிக்காவில் லெமான்ட் என்பவரின் குழு அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பட்டைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. அழற்சிக்கு உரிய செல்கள் அங்கே இல்லை. நைந்து, பிரிபிரியாகி, சிதைந்த நார்தான் இருந்தது. அறுவை வரை போனவை முற்றிய கேஸ்கள், ஆரம்பத்தில் அழற்சி இருந்திருக்கலாம் என்று வாதாடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், மாதக்கணக்காக இழுத்த குதிகால் வலி பழைய கயிற்றின் நைவு. நெருப்பை அணைக்கும் மருந்து கயிற்றை முறுக்கித் தராது.

சோதனைகளும் அதையே காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் 82 பேரை இரண்டாகப் பிரித்து, ஸ்கேன் பார்த்தபடியே ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மற்றதற்கு உப்புநீரும் போட்டார்கள். 2012-ல் முடிவு வந்தது. நாலாவது வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வலி குறைவு. எட்டாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் வலியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2017-ல் காக்ரேன் அமைப்பு இத்தகைய சோதனைகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டது. ஒரு மாதம் வரை லேசான பலன் இருக்கலாம், அதற்குப் பின் இல்லை, அந்த ஆதாரமும் பலமானதல்ல என்று எழுதியது. கடைப் பெண் மறுநாளே ஓடியது பொய்யாக இருக்காது. மூன்று மாதம் கழித்து எப்படி ஓடினார் என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாத நிம்மதி சின்ன விஷயமல்ல. மகள் கல்யாணம் வைத்திருப்பவருக்கு, தீபாவளி சீசனில் கடையில் நிற்க வேண்டியவருக்கு அது பெரிய வரம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 1998-ல் வெளியான ஒரு கணக்கில், குதிகால் வலிக்குப் பார்த்த 765 பேரில் 51 பேருக்குப் பட்டை அறுந்திருந்தது. அதில் 44 பேர் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள். எல்லா இடத்திலும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஒரே மருத்துவக் குழுவின் கணக்கு அது. இருந்தாலும் ஸ்டீராய்டு நாரை பலவீனப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை. வலி இல்லாததால் தெம்பாக நடந்து, நைந்த பட்டையை அறுத்துக்கொள்வதும் உண்டு. அறுந்தால் பழைய வலி போய்விடும்; பாத வளைவு தட்டையாகி, புது வலி வேறு இடங்களில் வரும். அடிக்கடி போட்டால் குதிகாலின் மெத்தை, அதாவது எலும்புக்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் கொழுப்பு, வற்றிப்போகவும் கூடும். அது வற்றினால் திரும்ப ஊட்ட நல்ல வழியில்லை. வருஷத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று பொதுவாகச் சொல்வது அனுபவத்தில் வந்த வழக்கம். குதிகாலில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர் பக்கம்தான் நான்.

இரண்டு அங்குலம் பின்னால் போனால் குதிகாலின் பின்புறம் கெண்டைக்காலிலிருந்து இறங்கிவரும் தடித்த குதிநாண் இருக்கிறது. அங்கே வலி வந்தாலும் ‘குதிகால் வலி’ என்றுதான் சொல்வோம். அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஏற்றக் கூடாது. உடம்பின் மொத்த எடையும் ஒவ்வொரு அடியிலும் அதில் தொங்குகிறது, நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. ஊசிக்குப் பின் அது படாரென்று அறுந்த கேஸ்கள் நிறையவே பதிவாகியிருக்கின்றன. அங்கே போடலாம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுவது நல்லது.

இன்னும் முன்னால், பெருவிரல் மூட்டுக்கு வாருங்கள். நடுராத்திரியில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்த வைக்கும் கவுட் வாதம் பெரும்பாலும் அங்கேதான் வரும். யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுக்குள் மூட்டுகிற தீ அது; அசல் அழற்சி. ஸ்டீராய்டு பிறந்ததே இதற்குத்தானோ என்று தோன்றும் அளவுக்குக் கேட்கும். சிறுநீரகம் பழுதாகி, வலி மாத்திரை சாப்பிடக் கூடாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரே நிபந்தனை, சீழ்ப்பிடித்த மூட்டும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதனால் சந்தேகமிருந்தால் முதலில் மூட்டு நீரை உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். சீழ் உள்ள மூட்டில் ஸ்டீராய்டு போடுவது திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

மூன்றாவது, நாலாவது விரல்களுக்கு இடையில் நரம்பு தடித்து, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தும் மார்ட்டன் நியூரோமாவில் பலன் நடுத்தரம். 131 பேரை வைத்து 2013-ல் வெளியான சோதனையில் மூன்று மாதம் வரை நன்மை தெரிந்தது. பழைய எலும்பு முறிவால் தேய்ந்த கணுக்கால் மூட்டிலும் சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம் ஓடும். ஆனால் அந்த மூட்டில் சீக்கிரம் அறுவை சிகிச்சை இருக்கிறதென்றால் ஊசி போட்டு மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும்.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “எதுக்கும் யோசிச்சுப் போட்டுக்கங்க அத்தை” என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவர் ஒரு கிளினிக்கில் போட்டுக்கொண்டார். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, குதிகாலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டார். மறுநாள் தாகம், தலைசுற்றல். வீட்டு மெஷினில் பார்த்தால் 318.

சம்பந்தம் இருக்கிறது. போட்ட இடத்தில் தங்குகிற மருந்தாக இருந்தாலும் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். ஈரலைச் சர்க்கரை உற்பத்தி செய்யச் சொல்வதும் இன்சுலினை மதிக்காமல் செய்வதும் ஸ்டீராய்டின் இயல்பு. போட்ட நாளிலிருந்து சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்னபடி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு. குதிகால் வலியோடு வருகிறவர்களில் கணிசமானோர் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஊசிக்கு முன்பே சொல்லி, அந்த வாரம் தினம் பார்த்து, மாத்திரை அளவை மருத்துவர் சொன்னபடி மாற்றிக்கொண்டால் போதும். மூன்று மாதச் சராசரியே தறிகெட்டுக் கிடந்தால் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் நரம்புக் கோளாறாக இருக்கலாம்; அதற்கு இந்த ஊசி மருந்தே அல்ல.

அத்தையின் கணுக்காலுக்குக் கீழே, உள்பக்கம், ஊசி ஏறிய இடத்தில் இரண்டு மாதம் கழித்து ஒரு ரூபாய்க் காசு அளவில் தோல் வெளுத்தது. ‘வெண்குஷ்டமோ’ என்று வீடே கலங்கியது. இதுவும் மருந்தின் வேலைதான். துகள் தோலுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டால் நிறம் கொடுக்கும் செல்களை அடக்கிவிடும். அடியில் உள்ள கொழுப்பையும் கரைத்துச் சின்னக் குழி விழ வைக்கும். வெள்ளைத்தோல்காரர்களுக்குக் கண்ணிலேயே படாது, நம் நிறத்தில் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் ஆனாலும் பலருக்கு நிறம் திரும்பிவிடும். சீக்கிரம் கரையாத ட்ரையாம்சினோலோனுக்கு இந்தக் குணம் அதிகம் என்பதால், தோலை ஒட்டிய இடங்களில் எளிதில் கரையும் மருந்தை எடுக்கும் மருத்துவர்கள் உண்டு. உள்பக்கமாகக் குத்துவது ஏன் என்றால், உள்ளங்கால் தோல் தடிப்பு. அதன் வழியாக நேரே குத்தினால் ஊசியே பெரிய தண்டனையாகிவிடும். முதல் ஓரிரு நாள் வலி கூடுவது சாதாரணம், ஐஸ் வைத்தால் அடங்கும். நாளாக ஆகச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமி. காத்திருக்கக் கூடாது.

ஊசி தரும் அந்த நாலைந்து வாரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. 2015-ல் டென்மார்க்கிலிருந்து 48 பேரை வைத்து ஒரு சோதனை வெளியானது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும்: ஏற்ற மூன்று விநாடி, மேலே இரண்டு விநாடி, இறக்க மூன்று விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு விரல்களை மேலே மடக்குவதால் பட்டை இறுகி, சுமை சரியாக அதன்மேல் விழும். மூன்று மாதத்தில் இவர்கள், வெறுமே பட்டையை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒரு வருஷத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டது. பெரும்பாலான குதிகால் வலி எப்படியும் ஒரு வருஷத்தில் அடங்கும் சாதி. நைந்த நாருக்கு அளவாகச் சுமை கொடுத்தால் முறுக்கேறும். ஊசி அதைச் செய்யாது.

செருப்பு விஷயத்தில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. எம்.சி.ஆர். செருப்பு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நுண்துளை ரப்பரை வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக உருவாக்கினார்கள். இன்று அதே ரப்பர் சர்க்கரைக்காரர்களுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்குள் மொசைக் தரையிலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பூஜை அறைக்கு மட்டும் விலக்கு என்று அத்தையோடு பேசி முடித்தோம்.

அவருக்கு ஊசி ஐந்து வாரம் கேட்டது. ஆறாவது வாரம் வலி பாதி திரும்பியது. இப்போது வாசற்படியில் துண்டை வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறார், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் போட்டார்களா என்று கேட்டேன்.

“ஓ, போட்டாங்களே. அது மேலதான் ரிட்டர்ன் வந்த புடவையெல்லாம் அடுக்கி வெச்சிருக்கோம்” என்றார்.